பந்து யார் கையில்? சேக்ரமென்டோ எடுத்த முடிவும் அதன் பின்கதையும்

2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் மும்பையில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. அந்த லீக் இந்திய மண்ணில் ஆடிய முதல் ஆட்டங்கள் அவை. சீசன் தொடங்கும் முன் ஆடுகிற பயிற்சி ஆட்டங்கள்தான், வெற்றி தோல்வி கணக்கில் சேராது. ஆனாலும் இங்கே கூடைப்பந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு திருவிழா. ஒரு பக்கம் சேக்ரமென்டோ கிங்ஸ். அதன் உரிமையாளர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். எதிர்ப்பக்கம் இண்டியானா பேசர்ஸ்.

அந்த இரண்டு அணிகளிலும் இருந்த மூன்று பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிங்ஸில் டி'ஆரன் ஃபாக்ஸ், பட்டி ஹீல்ட். பேசர்ஸில் டொமன்டாஸ் சபோனிஸ். நாலாவது ஆள் மும்பைக்கு வரவில்லை. அவர் அப்போது அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர், பெயர் டைரீஸ் ஹாலிபர்ட்டன். இரண்டு வருஷம் நாலு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 8 அன்று, இந்த இரண்டு அணிகளும் ஆட்களை மாற்றிக்கொண்டன. ஹாலிபர்ட்டனும் ஹீல்டும் இண்டியானாவுக்குப் போனார்கள், சபோனிஸ் சேக்ரமென்டோவுக்கு வந்தார், ஃபாக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சென்டருக்காக (கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆள்) ஒரு கார்டைக் (வெளியே நின்று பந்தைக் கையாள்பவர்) கொடுத்த டிரேடு. உண்மையில் அன்று சேக்ரமென்டோ பதில் சொன்ன கேள்வி வேறு. அணியில் ஆட்டத்தை நடத்துகிற இரண்டு இளம் பாயின்ட் கார்டுகள் இருக்கிறார்கள், அடுத்த பத்து வருஷத்துக்கு யார் கையில் பந்தைக் கொடுப்பது?

கூடைப்பந்தில் ஒரு நிர்வாகம் எடுக்கிற முடிவுகளில் இதைவிடக் கடினமானது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மற்ற இடங்களில் இரண்டு திறமைசாலிகள் இருந்தால் சந்தோஷம். இரண்டு நல்ல ஷூட்டர்கள் இருந்தால் இரண்டு மூலையிலும் நிறுத்தலாம். ஆனால் பந்து ஒன்றுதான். பந்தைப் பெற்ற அணி எட்டு விநாடிக்குள் பாதிக்கோட்டைத் தாண்டியாக வேண்டும், 24 விநாடிக்குள் வீசியாக வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஏறத்தாழ நூறு முறை இப்படிப் பந்து கிடைக்கிறது. அதில் பெரும்பாலான தடவை முதல் முடிவை எடுப்பவர் பாயின்ட் கார்டு. வேகமாக ஓடுவதா, நிதானமாக நடத்துவதா, எந்தப் பக்கம் ஸ்கிரீன் (சக ஆட்டக்காரர் குறுக்கே நின்று தடுப்பவரை மறிப்பது) கேட்பது, இன்றைக்குக் கை சூடாக இருப்பவன் யார், பத்து நிமிஷமாகப் பந்தையே தொடாமல் முகம் வாடி நிற்பவன் யார் என்பதையெல்லாம் ஓடிக்கொண்டே கவனிக்க வேண்டும். சின்ன வயதில் இது எல்லாருக்கும் வந்துவிடாது. சான்சி பில்லப்ஸை 1997 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) மூன்றாவது ஆளாக எடுத்த பாஸ்டன், அந்த முதல் சீசன் முடிவதற்குள்ளேயே அவரை அனுப்பிவிட்டது. பல ஊர் சுற்றிய அதே பில்லப்ஸ் 2004இல் டெட்ராய்ட்டுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்து, இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். ஆக, 21 வயதுப் பையனைப் பார்த்து 28 வயதில் எப்படி ஆடுவான் என்று கணிக்க வேண்டும், அதையும் அவசரமாகச் செய்ய வேண்டும்.

சரி, சேக்ரமென்டோவில் யார் யார் இருந்தார்கள்?

ஃபாக்ஸ் 2017 டிராஃப்டின் ஐந்தாவது ஆள். கென்டக்கியில் ஒரு வருஷம் ஆடிவிட்டு வந்தவர், இடது கைக்காரர். லீக்கிலேயே மிக வேகமானவர்களில் ஒருவர் என்று அப்போதே பேர் இருந்தது. ஆனால் அவரைத் தனித்துக் காட்டியது ஓட்டத்தின் வேகத்தைவிட வேகத்தை மாற்றுகிற விதம்தான். ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) கையில் வந்ததும், பந்தை மூன்று நாலு முறை தரையில் தட்டுவதற்குள் எதிர்க் கூடைக்கு அருகே வந்துவிடுவார். தடுப்பவர் பின்வாங்கிக்கொண்டே வருவார். ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு கணம் நின்றுவிடுவது போல உடம்பு நிமிரும். தடுப்பவரும் நிமிர்வார். அந்த அரை நொடியில் ஒன்று மறுபடி பாய்ந்து கூடைக்குப் போவார், இல்லை நின்ற இடத்திலேயே எழும்பி இடது கையால் வீசிவிடுவார். இரண்டில் எது என்பதை அவரே கடைசிக் கணத்தில்தான் முடிவு செய்கிறாரோ என்று தோன்றும். 2020-21இல் சராசரி 25.2 புள்ளி, 7.2 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க வழிசெய்த பாஸ்). குறை என்று பார்த்தால் மூன்று புள்ளி வீச்சு. 2021-22இல் நூற்றுக்கு முப்பதைக்கூடத் தொடவில்லை. கையில் பந்து இல்லாதபோது அவரைக் காவல் காப்பவர் ரெண்டு அடி தள்ளி நிற்கலாம், பெரிய ஆபத்து இல்லை.

ஹாலிபர்ட்டன் 2020 டிராஃப்டின் பன்னிரண்டாவது ஆள். அவ்வளவு கீழே இறங்கியதற்கு ஒரு காரணம் அவர் வீசும் விதம். பந்தை நெஞ்சுக்கு எதிரிலிருந்து தள்ளுவது போல இருக்கும், பள்ளிக்கூடத்துப் பி.டி. மாஸ்டர் பார்த்தால் அன்றைக்கே திருத்தச் சொல்வார். ஆனால் உள்ளே விழுந்தது. முதல் வருஷத்தில் மூன்று புள்ளி வீச்சில் 40.9 சதவீதம், அடுத்த வருஷம் சேக்ரமென்டோவில் ஆடியவரை 41.3. ஃபாக்ஸுக்கு வேகம் என்றால் இவருக்குப் பார்வை. பந்தை அதிக நேரம் வைத்துக்கொள்ள மாட்டார். தடுப்பில் ஓட்டை விழப்போகிறது என்பது தெரிந்தால் விழும் முன்பே பந்து அங்கே போயிருக்கும். எதிரணி ஆட்டக்காரரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் பாஸ் கொடுப்பார். தவறவிடுவதும் மிகக் குறைவு. 2024-25இல் ஆட்டத்துக்கு 9.2 அசிஸ்ட், 1.6 டர்ன்ஓவர் (எதிரணியிடம் பந்தை இழப்பது). பந்தை அவ்வளவு நேரம் கையாளும் ஒருவருக்கு இந்தக் கணக்கு அபூர்வம்.

இந்த இரண்டு பேரையும் சேர்த்தே ஆடவைத்தார்கள். அதில்தான் சிக்கல் தொடங்கியது என்பது என் எண்ணம். ஹாலிபர்ட்டனுக்குப் பந்து இல்லாமலும் ஆடத் தெரியும், மூலையில் நின்று வீசத் தெரியும். ஃபாக்ஸுக்கு அது அவ்வளவு வராது. அப்போது யார் விட்டுக்கொடுப்பார்? வளைந்து கொடுக்கத் தெரிந்தவர்தான். ஃபாக்ஸ் நடத்துவார், ஹாலிபர்ட்டன் ஓரத்தில் நிற்பார், ஃபாக்ஸ் ஓய்வெடுக்கப் போனால் பந்து இவரிடம் வரும். வீட்டில் அனுசரித்துப் போகிற பிள்ளைக்குத் தனி அறை கிடைக்காத கதைதான். கடைசியில் கணக்குப் பார்க்கும்போது ஒருவருக்கு 25 புள்ளி, இன்னொருவருக்கு 13, 14 புள்ளி. எண்ணைப் பார்த்தவர்களுக்கு முடிவு சுலபமாகத் தெரிந்தது. ஆனால் அந்த 14 என்பது அவருடைய அளவு இல்லை, அவருக்குக் கிடைத்த இடத்தின் அளவு. டிரேடு முடிந்து பேசர்ஸுக்காக ஆடிய முதல் 26 ஆட்டங்களிலேயே அவருடைய சராசரி 17.5 புள்ளி, 9.6 அசிஸ்ட் ஆனது. சேக்ரமென்டோவில் அதே சீசனில் 14.3 புள்ளி, 7.4 அசிஸ்ட். இடையில் அவர் புதிதாக எதையும் கற்றுக்கொண்டுவிடவில்லை. பந்து கைக்கு வந்தது, அவ்வளவுதான்.

இளம் கார்டுகளுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிற எந்த அணிக்கும் இந்தக் கண்மயக்கம் வரும். ஒருவருக்குப் பந்து பழகிவிட்டது என்பதாலேயே அவருக்கு மட்டும்தான் நடத்த வரும் என்று தோன்றிவிடுகிறது. மற்றவருக்குத் தொடர்ந்து இருபது முப்பது ஆட்டங்களாவது முழுப் பொறுப்பையும் கொடுத்துப் பார்த்திருந்தால்தான் ஒப்பிடவே முடியும். சேக்ரமென்டோவில் அந்தச் சோதனை திட்டமிட்டு நடக்கவே இல்லை. ஃபாக்ஸ் காயம்பட்டு உட்கார்ந்த நாட்களில் தானாக நடந்ததுதான்.

அப்புறம் ஒப்பந்தக் கணக்கு. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத பகுதி இது, ஆனால் பாதி முடிவு இங்கேதான் நடக்கிறது. முதல் சுற்றில் டிராஃப்ட் ஆனவருக்கு நாலு வருஷ ஆரம்ப ஒப்பந்தம், சம்பளம் ஏறக்குறைய விதிப்படி நிர்ணயிக்கப்பட்டது. மூன்று சீசன் முடிந்த கோடையில் நீட்டிப்பு பேசலாம். அதாவது, அணிக்குக் கிடைக்கிற அவகாசம் மூன்று வருஷம். அதற்குள் பையன் யார் என்று கண்டுபிடித்துப் பெரிய பணத்தைக் கொடுத்துவிட வேண்டும், இல்லை கைவிட வேண்டும். ஃபாக்ஸின் அந்தக் கோடை 2020இல் வந்தது. கொரோனாவால் அந்த வருஷம் எல்லாமே தள்ளிப்போய், டிராஃப்ட் நவம்பர் 18இல் நடந்தது. ஹாலிபர்ட்டனை எடுத்த அதே வாரத்தில் ஃபாக்ஸின் ஐந்து வருஷ நீட்டிப்பும் முடிவானது. மதிப்பு 16.3 கோடி டாலர்.

தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். ஹாலிபர்ட்டன் கிங்ஸ் சட்டையில் ஒரு பயிற்சி ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, நீண்ட கால பாயின்ட் கார்டு யார் என்பது காகிதத்தில் எழுதப்பட்டுவிட்டது. ஃபாக்ஸை அன்று ஒப்பந்தம் செய்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். 22 வயதில் அப்படி ஆடுகிறவரை எந்த அணியும் வெளியே விடாது. ஆனால் பெரிய ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அணியின் கண் தன்னாலேயே மாறிவிடுகிறது. வருஷத்துக்கு 2.8 கோடி டாலர் வாங்குகிறவரை ஓரத்தில் நிறுத்திவிட்டு, சுமார் 40 லட்சம் வாங்குகிறவரிடம் பந்தைக் கொடுக்க எந்தப் பயிற்சியாளருக்கு மனம் வரும்?

அதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. 2018 டிராஃப்டில் கிங்ஸுக்கு இரண்டாவதாக ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. லூகா டான்சிச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அப்போதைய பொது மேலாளர் விளாடே டிவாச் எடுத்தது மார்வின் பேக்லியை. ஃபாக்ஸ் இருக்கும்போது பந்தைக் கையில் வைத்து ஆடும் இன்னொருவர் எதற்கு என்ற எண்ணமும் அதில் இருந்ததாக அப்போதே பேசப்பட்டது. டான்சிச் டல்லாஸுக்குப் போய் முதல் வருஷமே சிறந்த புதுமுகமானார். பேக்லி 2022 பிப்ரவரியில், ஹாலிபர்ட்டன் போன அதே வாரத்தில், சேக்ரமென்டோவை விட்டுப் போனார். ஆக ஃபாக்ஸைச் சுற்றி ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது.

டிவாச் 2020இல் விலகிய பிறகு வந்தவர் மான்டி மெக்நேர். ஹாலிபர்ட்டனை எடுத்தவரும் அவர்தான், அனுப்பியவரும் அவர்தான். 2021இல் ஒன்பதாவது இடத்தில் இன்னொரு பாயின்ட் கார்டையும் எடுத்தார், டேவியன் மிட்சல். பேலர் பல்கலைக்கழகத்தைச் சாம்பியனாக்கிவிட்டு வந்தவர், தடுப்பாட்டத்தில் புலி. மூன்று பேரும் ஒரே வேலைக்கு வந்தவர்கள். அந்தச் சீசனில் பயிற்சியாளர் லூக் வால்ட்டன் நவம்பரிலேயே நீக்கப்பட்டார், ஆல்வின் ஜென்ட்ரி பொறுப்பேற்றார். ஐந்து சீசனுக்குள் ஃபாக்ஸ் பார்த்த மூன்றாவது பயிற்சியாளர் அவர். பாயின்ட் கார்டு என்பவர் கோர்ட்டுக்குள் பயிற்சியாளரின் குரல். குரல் யாருடையது என்பதே வருஷத்துக்கு ஒரு தரம் மாறினால் பையன் எதைப் பழகுவான்? ஃபாக்ஸின் வளர்ச்சி ஏறி இறங்கியதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

2022 பிப்ரவரி 8க்கு வருவோம். கிங்ஸ் கொடுத்தது ஹாலிபர்ட்டன், ஹீல்ட், டிரிஸ்டன் தாம்ப்சன். வாங்கியது சபோனிஸ், ஜெரமி லேம்ப், ஜஸ்டின் ஹாலிடே, ஓர் இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஹாலிபர்ட்டனுக்கு அந்த ஊர் பிடித்திருந்தது, அங்கேயே இருக்க ஆசைப்பட்டார், அதை வெளிப்படையாகவும் சொல்லியிருந்தார். யாருமே வர விரும்பாத ஊர் என்று பேர் வாங்கிய இடத்தில் இருக்க விரும்பிய ஒருவரை அனுப்பியதுதான் அவர்களுக்கு அதிகம் வலித்தது.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 2006க்குப் பிறகு, சீசன் முடிவில் முன்னணி அணிகள் மோதுகிற பிளேஆஃப் பக்கமே கிங்ஸ் போகவில்லை. அந்தச் சீசனையும் 30 வெற்றி, 52 தோல்வி என்று முடித்தபோது அது பதினாறாவது வருஷம். லீக் வரலாற்றில் வேறு எந்த அணியும் அவ்வளவு காலம் வெளியே நின்றதில்லை. சபோனிஸ் 25 வயதில் இரண்டு முறை ஆல் ஸ்டார், அதாவது லீக்கின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். ஃபாக்ஸுக்கு அதுவரை கிடைக்காத ஒன்று அவரிடம் இருந்தது. மேல்கோட்டில் பந்தை வாங்கி நின்று, சுற்றி ஓடுகிறவர்களுக்குக் கையில் கொடுத்து, அதே அசைவில் ஸ்கிரீனும் போடுகிற சென்டர் அவர். டிரேடு பேசும்போது மற்ற அணிகள் விரும்பிக் கேட்பதும் சின்னச் சம்பளத்தில் இன்னும் சில வருஷம் மீதம் உள்ள பையனைத்தான். பெரிய சம்பளக்காரரைக் கொடுத்து அதே மதிப்பை வாங்குவது கஷ்டம்.

பலன் வந்தது, உடனே வந்தது. மைக் பிரவுன் பயிற்சியாளராக வந்தார். 2022-23இல் 48 வெற்றி, மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம். தாக்குதல் ஆட்டத்தில் அதுவரை லீக் பார்த்த அத்தனை அணிகளையும் அந்தச் சீசன் கிங்ஸ் மிஞ்சியது. பிரவுன் ஒருவர்கூட மாற்றி வாக்களிக்காமல் சிறந்த பயிற்சியாளர் ஆனார். இறுக்கமான கடைசி நிமிடங்களில் சிறப்பாக ஆடுகிறவருக்கு என அந்த வருஷம் புதிதாகத் தொடங்கிய விருதை ஃபாக்ஸ் முதல் ஆளாக வாங்கினார். ஒவ்வொரு வெற்றிக்கும் அரங்கத்தின் கூரையிலிருந்து வானத்தை நோக்கி ஊதா நிற ஒளிக்கற்றைகள் எழும். ஊரே அதைப் பார்த்து ஆரவாரம் செய்தது. பதினாறு வருஷம் காத்திருந்த ஊருக்கு அந்த வெளிச்சம் என்னவாக இருந்திருக்கும் என்பதை வெறும் டிரேடு கணக்குப் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். நான் மறக்க விரும்பவில்லை.

பிளேஆஃபில் எதிரே வந்தது கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். ஃபாக்ஸின் வாழ்க்கையில் முதல் பிளேஆஃப் ஆட்டம், 38 புள்ளி அடித்தார். நாலாவது ஆட்டத்தில் இடது கை ஆள்காட்டி விரல் நுனியில் எலும்பு முறிந்தது. அவர் வீசுகிற கை. விரலில் கட்டோடு மீதி ஆட்டங்களையும் ஆடினார். தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. அதில் ஸ்டெஃபன் கரி 50 புள்ளி அடித்து கிங்ஸை வீட்டுக்கு அனுப்பினார்.

பதினொரு வருஷம் முன்னால் இதே கேள்வி எழுந்தபோது அதற்கு விடையாக நின்றவர்தான் அந்தக் கரியும். 2012இல் வாரியர்ஸ் அணியில் மான்டா எல்லிஸ் என்ற கார்டு இருந்தார். இரண்டாம் சுற்றில் நாற்பதாவதாக எடுக்கப்பட்டு, உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக வந்து, ஆட்டத்துக்கு 25 புள்ளி அடிக்கிற அளவுக்கு வளர்ந்தவர். ஊரின் செல்லப்பிள்ளை. பக்கத்தில் கரி, மெலிந்த உடம்பு, கணுக்கால் சுளுக்கிச் சுளுக்கி 2011இல் ஒரு அறுவை சிகிச்சை, 2012இல் இன்னொன்று. அந்தச் சுருங்கிய சீசனில் 66 ஆட்டங்களில் அவர் ஆடியது 26தான். எண்ணை வைத்து முடிவு செய்தால் எல்லிஸ், உடம்பை வைத்து முடிவு செய்தாலும் எல்லிஸ். வாரியர்ஸ் மார்ச் மாதம் எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பி, அப்போது காயத்தில் இருந்த ஆண்ட்ரூ போகட் என்ற சென்டரை வாங்கியது. சில நாள் கழித்து கிறிஸ் மல்லினின் சட்டை எண்ணை ஓய்வுபெறச் செய்யும் விழாவில் உரிமையாளர் ஜோ லேகப் மைக்கைப் பிடித்தபோது, சொந்த அரங்கமே கூச்சல் போட்டு அவரைப் பேசவிடவில்லை. விழா நாயகனான மல்லினே எழுந்துவந்து கூட்டத்தைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அதே வருஷம் அக்டோபர் கடைசியில் கரிக்கு நாலு வருஷத்துக்கு 4.4 கோடி டாலரில் நீட்டிப்பு. கணுக்கால் பயம் இருந்ததால்தான் அவ்வளவு குறைவு.

சேக்ரமென்டோவும் வாரியர்ஸும் எடுத்த முடிவுகளில் உருவம் ஒன்றுதான். இரண்டு கார்டுகள், ஒருவரை அனுப்பி ஒரு சென்டர். வித்தியாசம் யாரை வைத்துக்கொண்டார்கள் என்பதில். வாரியர்ஸ் வைத்துக்கொண்டது, கையில் பந்து இல்லாதபோதும் எதிரணியை இழுத்துப் பிடிக்கிறவரை. கரி மூலையில் சும்மா நின்றாலும் ஒருவர் அவரை விட்டு நகர முடியாது, அதனால் மற்ற நாலு பேருக்கும் இடம் கிடைக்கிறது. ஹாலிபர்ட்டனிடமும் அந்தக் குணத்தின் சாயல் இருந்தது. எந்த இடத்திலும் பொருந்துவார் என்பதுதான் அவருடைய பலம். பந்து இல்லாமலும் அவரால் ஆட முடியும், ஆகவே அவர் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார் என்று அதையே அவரை அனுப்புவதற்கான காரணமாக ஆக்கிவிட்டார்கள். என் வருத்தம் இந்த இடத்தில்தான். பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயன்படுகிறவரை மையத்தில் வைத்தால், அவரைச் சுற்றி யாரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். பந்து கையில் இருந்தால் மட்டுமே முழுதாகப் பயன்படுகிறவரை வைத்தால், அவருக்கு ஏற்ற ஆட்களையே ஒவ்வொரு வருஷமும் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

கிங்ஸுக்கு அந்தத் தேடல்தான் கைகூடவில்லை. 2023-24இல் 46 வெற்றி, பிளேஆஃபுக்குள் நுழைய ஆடுகிற பிளே-இன்னில் தோல்வி. மிட்சல் 2024 கோடையில் டொரன்டோவுக்குப் போனார். டிமார் டிரோசன் வந்தார். அவரும் பந்தைக் கையில் வைத்து, நடுத்தூரத்திலிருந்து வீசுகிறவர். டிசம்பர் கடைசியில் பிரவுன் நீக்கப்பட்டார். 2025 பிப்ரவரியில் ஃபாக்ஸே சான் அன்டோனியோவுக்கு அனுப்பப்பட்டார். அந்த ஏப்ரலில் மெக்நேரும் போனார். ஹாலிபர்ட்டனைக் கொடுத்த நாளிலிருந்து மூன்றே வருஷம், அன்று தேர்ந்தெடுத்த பாயின்ட் கார்டும் இல்லை, தேர்ந்தெடுத்தவரும் இல்லை.

இண்டியானா என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் கிட்ட போய்ப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஆளைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். ஹாலிபர்ட்டன் வந்தபோது அங்கே ஏற்கெனவே மால்கம் பிராக்டன் என்ற நல்ல பாயின்ட் கார்டு இருந்தார். மூத்தவர், நம்பகமானவர், சம்பளமும் பெரிது. இரண்டு பேரையும் வைத்து ஓட்டிப் பார்க்கலாமே என்று பேசர்ஸ் நினைக்கவில்லை. 2022 ஜூலையிலேயே பிராக்டனை பாஸ்டனுக்கு அனுப்பிவிட்டது. 22 வயதுப் பையனுக்கு வழி முழுக்கத் திறந்துவிடப்பட்டது. அந்தச் சீசன் 35 வெற்றிதான், யாரும் பதறவில்லை. பிராக்டனுக்குப் பதிலாக வந்தவர்களில் ஆரன் நெஸ்மித் இருந்தார், தடுப்பதற்கும் மூலையிலிருந்து வீசுவதற்கும். அதே 2022 டிராஃப்டில் இரண்டாம் சுற்றின் முதல் ஆளாக, 31ஆவது இடத்தில், ஆண்ட்ரூ நெம்ஹார்டை எடுத்தார்கள். அவரும் பாயின்ட் கார்டுதான், ஆனால் வந்த நாளிலிருந்து அவருக்குத் தன் வேலை என்னவென்று தெரியும். எதிரணியின் சிறந்த கார்டைத் தடுக்கிற பொறுப்பு அவருடையது, ஹாலிபர்ட்டனை இரண்டு பேர் சேர்ந்து மடக்கினால் பந்தை வாங்கி நடத்துவதும் அவர்தான். 2024 ஜனவரியில் பாஸ்கல் சியாகம் வந்தார், ஓடிக்கொண்டே இருக்கிற பெரிய ஆள், முன்னால் எறிகிற பாஸை விரட்டிப் பிடிப்பவர். பயிற்சியாளர் ரிக் கார்லைல், 2011இல் ஜேசன் கிட்டை வைத்து டல்லாஸைச் சாம்பியனாக்கியவர். நல்ல பாயின்ட் கார்டு இருந்தால் தான் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 35 வெற்றி 47 ஆனது, 47 ஐம்பதானது. 2023-24இல் லீக்கிலேயே அதிக அசிஸ்ட், ஆட்டத்துக்கு 10.9, ஹாலிபர்ட்டனுடையது.

2025 பிளேஆஃபில் நடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கிழக்குப் பிரிவு இறுதிச்சுற்றின் நாலாவது ஆட்டத்தில் நியூயார்க்குக்கு எதிராக 32 புள்ளி, 15 அசிஸ்ட், 12 ரீபவுண்ட், ஒரு டர்ன்ஓவர்கூட இல்லை. பிளேஆஃப் வரலாற்றில் அப்படி ஓர் ஆட்டம் அதற்கு முன் நடந்ததில்லை. ஜூன் 5 அன்று ஓக்லஹோமா சிட்டியில் லீக் இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம். நாலாவது கால்பகுதியில் பேசர்ஸ் 15 புள்ளி வரை பின்தங்கியிருந்தது. கடைசியில் ஒரு புள்ளி வித்தியாசம், பத்துப் பன்னிரண்டு விநாடி மீதி. கார்லைலிடம் டைம் அவுட் இருந்தது, கேட்கவில்லை. ஹாலிபர்ட்டன் பந்தை எடுத்துக்கொண்டு வலப்பக்கமாக இறங்கி, மூன்று புள்ளிக் கோட்டுக்குள் ஓர் எட்டு வைத்து, அந்த விசித்திரமான தள்ளலோடு வீசினார். 111-110. மீதி இருந்தது 0.3 விநாடி. அந்த ஆட்டம் முழுக்க பேசர்ஸ் முன்னிலையில் இருந்த நேரமே அதுதான்.

தொடர் ஏழாவது ஆட்டத்துக்குப் போனது. ஜூன் 22 அன்று முதல் கால்பகுதியிலேயே ஹாலிபர்ட்டனின் வலது குதிகால் தசைநார் அறுந்தது. கெண்டைக்காலில் வலியோடுதான் இறங்கியிருந்தார். தரையில் கையால் அறைந்துகொண்டு கிடந்த அந்தக் காட்சியை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை. கோப்பை ஓக்லஹோமாவுக்குப் போனது. அடுத்த சீசன் முழுக்க அவர் ஆடமாட்டார் என்று பேசர்ஸ் அறிவித்தது. பத்து வருஷத்துக்கு என்று ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது யாராலும் கணக்கில் எடுக்க முடியாத பகுதி இது. கரியின் கணுக்கால் தேறியது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஃபாக்ஸ் போன சான் அன்டோனியோவில் இப்போது இதே கேள்வி மறுபடி கிளம்பியிருக்கிறது. அந்த அணியின் இளம் நட்சத்திரம் விக்டர் வெம்பன்யாமாவுக்குப் பக்கத்தில் ஒரு பாயின்ட் கார்டு வேண்டும். 2024 டிராஃப்டின் நாலாவது ஆளாக வந்த ஸ்டீஃபன் காசில் முதல் வருஷமே சிறந்த புதுமுகம், அந்தச் சீசன் முழுக்க 82 ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் இறங்கிய மூத்த பாயின்ட் கார்டு கிறிஸ் பாலுக்குப் பக்கத்தில் நின்று பழகியவர். ஃபாக்ஸை வாங்கிய சில மாதத்தில், டிராஃப்ட் வரிசையை முடிவு செய்கிற லாட்டரியில் அதிர்ஷ்டம் அடித்து, 2025இல் இரண்டாவது ஆளாக டிலன் ஹார்ப்பரும் வந்துவிட்டார். அந்த ஆகஸ்டில் ஃபாக்ஸுக்கு நாலு வருஷ நீட்டிப்பு, சுமார் 22.9 கோடி டாலர். காட்சி பழகியதுதானே? பெரிய ஒப்பந்தத்தோடு ஃபாக்ஸ், பக்கத்தில் உயரமான, சின்னச் சம்பளத்து இளம் கார்டுகள், இந்தத் தடவை இரண்டு பேர்.

சான் அன்டோனியோ அணியான ஸ்பர்ஸுக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. 2001இல் 28ஆவது ஆளாக எடுத்த டோனி பார்க்கருக்கு 19 வயதில், முதல் சீசனின் ஐந்தாவது ஆட்டத்திலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள். 2003இல் நியூ ஜெர்சியை வென்று கோப்பையும் வாங்கினார்கள். ஆனால் அந்தக் கடைசி ஆட்டத்தின் முக்கியமான நேரத்தில் பார்க்கர் பெஞ்சில் இருந்தார், கோர்ட்டில் இருந்தது ஸ்பீடி கிளாக்ஸ்டன். அது முடிந்த கையோடு, தாங்கள் தோற்கடித்த அணியின் பாயின்ட் கார்டான ஜேசன் கிட்டையே கூட்டிவர முயன்றார்கள். கோப்பை ஜெயித்த 21 வயதுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! கிட் வரவில்லை, நியூ ஜெர்சியிலேயே இருந்துவிட்டார். பார்க்கர் நாலு வருஷம் கழித்து இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அந்த அணிக்காக மொத்தம் நாலு கோப்பை.

இப்போதைய கணக்கில், காசிலுக்கு நீட்டிப்பு பேச வேண்டிய கோடை 2027. ஹார்ப்பருக்கு 2028. ஃபாக்ஸின் ஒப்பந்தம் 2030 வரை போகிறது. அதற்குள் மூன்று பேரில் ஒவ்வொருவருக்கும் எத்தனை ஆட்டங்கள் முழுப் பந்தையும் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்பதைத்தான் நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.